ரீஜனல் ஜெட் வந்ததால் அமெரிக்க பைலட்டுகளுக்கு வேலை கூடியதா, குறைந்ததா?

கிடைக்கோடு:

அமெரிக்க விமானக் கம்பெனிகளோடு பைலட் சங்கங்கள் போடும் ஒப்பந்தத்தைப் பிரித்தால் எடுத்த எடுப்பிலேயே ‘ஸ்கோப்’ வந்து நிற்கிறது. சம்பளம், விடுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். கம்பெனியின் வண்ணத்திலும் டிக்கெட்டிலும் பறந்தாலும் வேறொரு சின்னக் கம்பெனி, அதாவது ரீஜனல், ஓட்டும் ஜெட்களுக்கு எத்தனை இருக்கை, எவ்வளவு எடை, மொத்தம் எத்தனை விமானம் என்று வரம்பு கட்டும் பிரிவு அது.

எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். 50 இருக்கை ஜெட்டுக்கும் இரண்டு பைலட் வேண்டும், 150 இருக்கை விமானத்துக்கும் இரண்டு பைலட்தான். அதே கூட்டத்தைச் சின்ன ஜெட்களில் பிரித்து ஏற்றினால் பைலட் வேலை கூடத்தானே வேண்டும்? பிறகு ஏன் பெரிய கம்பெனி பைலட்டுகள் ரீஜனல் ஜெட்டைத் தங்கள் வேலையைத் தின்ன வந்ததாகவே பார்க்கிறார்கள்? அதை ஓட்டுகிறவர்கள் ஏன் நேர் எதிராகப் பேசுகிறார்கள்?

இன்னொன்று. 76 இருக்கை, 86,000 பவுண்டு என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுக்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் உண்டா, பேரத்தில் விழுந்த எண்களா?

வால்காற்று:

உங்கள் கணக்கு சரி. போட்டே பார்த்துவிடலாம். ஓர் ஊரிலிருந்து ஹப்புக்கு (பயணிகள் விமானம் மாறும் மைய நிலையம்) நாளொன்றுக்கு 300 இருக்கை தேவை, ஒரு வழிக்கு ஒன்றரை மணி பிளாக் நேரம் (விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும்வரை) என்று வையுங்கள். 150 இருக்கை விமானம் போய் வர இரண்டு நடை, மொத்தம் 6 பிளாக் மணி. 50 இருக்கை ஜெட் ஆறு நடை, 18 மணி. மாதத்துக்கு 180 மணியும் 540 மணியும். ஒரு பைலட் மாதம் 75 மணி ஓட்டுகிறார் என்றால் முதல் வகைக்கு 2.4 ஜோடி, அதாவது கிட்டத்தட்ட 5 பேர். இரண்டாவதுக்கு 7.2 ஜோடி, 14 பேருக்கு மேல். ரிசர்வ் (கூப்பிட்டால் வரக் காத்திருப்பது), விடுப்பு, பயிற்சிக்கான ஆட்களை இதில் சேர்க்கவில்லை.

தலை எண்ணினால் வேலை மூன்று மடங்கு. ஆனால் அந்த 5 பேர் இருப்பது ஒரு சீனியாரிட்டி பட்டியலில், 14 பேர் இருப்பது வேறொரு கம்பெனியின் பட்டியலில். சண்டை முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பைலட்டின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அவர் சேர்ந்த தேதி. எந்த விமானம், எந்த ஊர் பேஸ் (பணி தொடங்கும் இடம்), கேப்டன் இருக்கை எப்போது, மாத அட்டவணையில் எந்த வரிசை, எந்த வாரம் விடுப்பு, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணை அடுத்த கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பதினைந்து வருடம் கேப்டனாக இருந்தவரும் புதுக் கம்பெனியில் கடைசி எண்ணோடு, முதல் வருடச் சம்பளத்தில், ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது வலது இருக்கையில் துணை பைலட்டாகத்தான் தொடங்குவார்.

இப்போது பெரிய கம்பெனி 100 இருக்கை விமானம் இருபதை நிறுத்தி, அந்த வழித்தடங்களை ரீஜனலிடம் கொடுக்கிறது என்று வையுங்கள். விமானத்துக்குச் சுமார் 10 பைலட் என்றால் 200 பேர். வெளியே போவது அந்த விமானத்தை ஓட்டிய 200 பேர் இல்லை. அவர்களில் சீனியரான கேப்டன்கள் அடுத்த வகை விமானத்தின் இடத்துக்கு விண்ணப்பம் போடுவார்கள், அங்கே ஜூனியர் கேப்டன்கள் கீழே தள்ளப்பட்டு வலது இருக்கைக்குப் போவார்கள், அந்த வலது இருக்கையில் இருந்தவர்கள் ரிசர்வுக்கு. இப்படிப் படிப்படியாக இறங்கிப் பட்டியலின் அடியில் இருக்கும் 200 பேர் வீட்டுக்குப் போவார்கள். நடுவில் நின்ற நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போகாது, ஆனால் சம்பளம் ஒரு படி இறங்கியிருக்கும். 20 விமானத்தின் அடி இத்தனை பேர் மேல் விழுவதால்தான் கோபமும் இத்தனை பேருக்கு.

1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் வேலைநிறுத்தம் தொடங்கி 24 நிமிடத்தில் அதிபர் கிளிண்டன் தலையிட்டு நிறுத்தினார். சம்பளமும் பேசப்பட்டது, ஆனால் முடிச்சு விழுந்தது புதிதாக வரவிருந்த ரீஜனல் ஜெட்டை யார் ஓட்டுவது என்பதில். அமெரிக்கன் பைலட்டுகளின் ஏபிஏ சங்கம் தங்கள் பட்டியலில் இருப்பவர்கள்தான் ஓட்ட வேண்டும் என்றது. கடைசியில் அந்த ஜெட், அமெரிக்கனின் துணைக் கம்பெனியான ஈகிளுக்கே போயிற்று. பதிலுக்கு ஈகிள் பைலட்டுகள் அமெரிக்கனுக்கு ஏறி வர ஒரு வழியும், அமெரிக்கனில் ஆட்குறைப்பு வந்தால் அங்குள்ளவர்கள் ஈகிளின் ஜெட் கேப்டன் இருக்கைகளுக்கு இறங்கிவர ஒரு வழியும் எழுதினார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு இறங்கும் வழிதான் அதிகம் பயன்பட்டது.

விமானம் சின்னதாக இருப்பதில் பைலட்டுகளுக்கு வெறுப்பு என்று நினைப்பது தவறு. ஜெட்புளூ 2005 முதல் 100 இருக்கை எம்ப்ரேயர் 190-ஐத் தன் பட்டியல் பைலட்டுகளை வைத்தே ஓட்டியது, அதற்கென்று தனிச் சம்பள விகிதத்தோடு. யுஎஸ் ஏர்வேஸும் அதே விமானத்தை 99 இருக்கையோடு மெயின்லைனில், அதாவது தன் சொந்தப் பட்டியலில், வைத்திருந்தது. டெல்டா 109 இருக்கை ஏ220-ஐ 2019-இல் கொண்டுவந்தபோதும் ஓட்டியது டெல்டா பைலட்டுகளே. அங்கெல்லாம் எந்தச் சங்கமும் கொடி பிடிக்கவில்லை.

எடைத்தாள்:

எண்களைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன், அதில்தான் சுவாரசியம் அதிகம்.

50 என்பது பேரத்துக்கு முன்பே இருந்த எண். கனடேர் ரீஜனல் ஜெட் (சிஆர்ஜே) 1992-இல் ஐரோப்பாவிலும் 1993-இல் காமேர் என்ற ரீஜனல் மூலம் அமெரிக்காவிலும் ஓட ஆரம்பித்தபோது அது 50 இருக்கை விமானம். பிறகு வந்த எம்ப்ரேயர் 145-உம் அதே அளவு. அமெரிக்க விதிப்படி 50 இருக்கை வரை கேபினில் ஒரு பணியாளர் போதும், 51 ஆனால் இரண்டு பேர். செலவுக்கோடும் அங்கேயே விழுந்ததால் சங்கமும் கம்பெனியும் அந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்வது எளிதாயிற்று.

70, 76 இரண்டும் பேரம். 2001-க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திவால் நீதிமன்றம் போனபோது, சங்கங்கள் பணத்தையும் இருக்கை வரம்பையும் ஒரே மேசையில் விட்டுக்கொடுத்தன. எம்ப்ரேயர் 175-இல் நெருக்கிப் போட்டால் 88 இருக்கை வரை போடலாம். சிஆர்ஜே-900-இல் 90. அமெரிக்காவில் இரண்டுமே 76-இல் நிற்பதற்குக் காரணம் ஒப்பந்தம்தான். அந்த மீதி இடத்தில்தான் முதல் வகுப்பு வந்து உட்கார்ந்தது, அதனால் பயணிகளுக்கு அந்த விமானம் பிடித்தும் போயிற்று.

86,000 பவுண்டு, சுமார் 39,000 கிலோ, அதிகபட்ச டேக்ஆஃப் எடை. இருக்கைக்கு வரம்பு போட்டால் போதாதா, எடை எதற்கு என்று தோன்றும். இருக்கையைக் கழற்றுவதும் மாட்டுவதும் ஓர் இரவு வேலை. 110 இருக்கை விமானத்தில் 76 மட்டும் போட்டுக் கொண்டுவந்து, அடுத்த நெருக்கடியில் “இருக்கையை மட்டும் கூட்டிக்கொள்கிறோம்” என்று கேட்டால் சங்கத்தின் கையில் ஒன்றும் இருக்காது. எடை வரம்பு அந்தக் கதவை மூடுகிறது. இன்றைய 175-உம் சிஆர்ஜே-900-உம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே அடங்கும்.

அடுத்த தலைமுறை அடங்கவில்லை. எம்ப்ரேயர் 175-இ2-வில் கியர் டர்போஃபேன் இன்ஜின். விசிறி விட்டம் 46 அங்குலத்திலிருந்து 56 அங்குலமாயிற்று. இன்ஜின் கனக்கிறது, அதைத் தாங்க இறக்கையும் சக்கரத் தொகுதியும் புதிதாகக் கனக்கின்றன, மொத்த எடை 44 டன்னைத் தாண்டிவிட்டது. எரிபொருளை நன்றாக மிச்சம் பிடிக்கும் விமானம்தான், 2019 டிசம்பரில் பறந்தும் காட்டியது, ஆனால் அமெரிக்க ரீஜனல் கம்பெனி எதுவும் வாங்க முடியாது. எம்ப்ரேயர் அதை நிறுத்தி வைத்துவிட்டுப் பழைய 175-ஐயே விற்கிறது. மிட்சுபிஷியின் எம்ஆர்ஜே-90-உம் அதே சுவரில் முட்டியது. வரம்புக்குள் அடங்கும் சின்ன வடிவத்தை வரைய ஆரம்பித்தார்கள், முடியவில்லை. 2020-இல் வேலை நின்று, 2023 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. இரண்டு விமானத் தயாரிப்பாளர்களுமே அமெரிக்கச் சங்கங்கள் அந்த எடையைத் தளர்த்திவிடும் என்று நம்பித்தான் வரைந்தார்கள். சங்கங்கள் இம்மியும் நகரவில்லை.

வரம்பு எப்படி விமானத்தையே உருமாற்றும் என்று பார்க்க சிஆர்ஜே-550 போதும். யுனைடெட்டின் ஒப்பந்தத்தில் 70, 76 இருக்கை ஜெட்கள் மொத்தம் 255-க்கு மேல் போக முடியாது. அந்த ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, 50 இருக்கைப் பிரிவில் இடம் இருந்தது. உடனே 70 இருக்கை சிஆர்ஜே-700-ஐ எடுத்து, 20 இருக்கையைக் கழற்றி, முதல் வகுப்பு 10, கால் நீட்ட இடம் கூடிய 20, சாதாரணம் 20 என்று மொத்தம் 50 போட்டார்கள். காலியான இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரிகள். காகிதத்தில் டேக்ஆஃப் எடையையும் 75,000 பவுண்டிலிருந்து 65,000-க்கு இறக்கிச் சான்றிதழ் வாங்கினார்கள். இன்ஜின், இறக்கை, உடல் எல்லாம் அதேதான். 2019-இல் ஓடத் தொடங்கியது.

ஆக ஸ்கோப்பைப் படிக்கும்போது “சான்றிதழ்படி எத்தனை இருக்கை” என்கிறதா, “பொருத்தியபடி எத்தனை இருக்கை” என்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நூறு விமானம் நுழைந்துவிடும்.

நாலாம் லெக்:

வால்காற்று சொன்னது மெயின்லைன் பக்கம் நின்று பார்த்தால் சரி. ரீஜனலில் இருப்பவர்களும் பைலட்டுகள்தான். அவர்கள் யார் வேலையையும் திருடவில்லை. வேலையை ஏலம் விட்டது வேறு ஆள்.

பணம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால்தான் இது புரியும். டிக்கெட் விலை, நேர அட்டவணை, வழித்தடம் எல்லாம் பெரிய கம்பெனியின் கையில். ரீஜனலுக்கு ஒரு புறப்பாட்டுக்கு இவ்வளவு, ஒரு பிளாக் மணிக்கு இவ்வளவு, ஒரு விமானத்துக்கு மாதம் இவ்வளவு என்று கூலி. எரிபொருள் பெரிய கம்பெனியின் செலவு. பல இடங்களில் விமானமே அவர்களுடையது. டிக்கெட்டைத் தொட முடியாது, எரிபொருளில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, அப்படியானால் ரீஜனல் நிர்வாகம் எதைக் குறைத்து அடுத்த ஒப்பந்தத்தைப் பிடிக்கும்? சம்பளத்தைத்தான்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சம்பள விகிதம் இரண்டு ரீஜனலிலும் ஒன்றாகவே இருந்தாலும், ஒன்றில் கேப்டன்கள் சராசரியாக ஐந்தாம் வருடத்தில் இருப்பார்கள், மற்றதில் பதினெட்டாம் வருடத்தில். வருடம் கூடக் கூட மணிச் சம்பளம் ஏறுவதால் பழைய கம்பெனி தானாகவே விலை கூடியதாகிவிடும். புதிய விமானங்கள் இளைய கம்பெனிக்குப் போகும். பழைய கம்பெனி சுருங்கும், ஜூனியர்கள் விலகுவார்கள், மிஞ்சுபவர்கள் இன்னும் சீனியர்கள், செலவு இன்னும் ஏறும். பத்து வருடத்தில் அந்த இளைய கம்பெனிக்கும் வயதாகும், அடுத்த ஒன்றுக்கு வேலை நகரும். விப்ஸா என்று அங்கே இதைத்தான் சொல்கிறார்கள். விமானத்தின் வண்ணம் மாறாது, வால் எண்கூடப் பல நேரம் மாறாது. ஏறும் கதவுக்குப் பக்கத்தில் இயக்கும் கம்பெனியின் பெயர் விரலளவு எழுத்தில் இருக்கும். அந்த ஸ்டிக்கர் மட்டும் மாறும், அதோடு நூற்றுக்கணக்கானோரின் சீனியாரிட்டி எண் செல்லாக்காசாகும்.

காமேர் கதி இதற்குச் சாட்சி. 2001 மார்ச்சில் தொடங்கி 89 நாள் வேலைநிறுத்தம் செய்து, ரீஜனல்களில் நல்லது என்று சொல்லத்தக்க ஒப்பந்தம் வாங்கினார்கள். அப்போது காமேர் டெல்டாவுக்கே சொந்தம். ஏஎஸ்ஏ என்ற இன்னொரு ரீஜனலும் அப்படியே. இரண்டிலும் இருந்த பைலட்டுகள் தங்கள் பட்டியலை டெல்டா பட்டியலோடு இணைக்கச் சொன்னார்கள், நடக்கவில்லை. டெல்டா பைலட்டுகளுக்கும் இவர்களுக்கும் ஒரே சங்கம், ஆல்பா. அந்தச் சங்கமே ஒரு பக்கத்து உறுப்பினர்களுக்காக மறு பக்கத்து உறுப்பினர்களின் ஜெட்டுக்கு வரம்பு பேசியது. அதை எதிர்த்து ரீஜனல் பைலட்டுகள் ஒரு கூட்டணி அமைத்துத் தங்கள் சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். பிறகு 50 இருக்கை ஜெட்டின் காலம் இறங்கியது. 2012 செப்டம்பரில் காமேரை மூடினார்கள். சொன்ன காரணம், பழைய 50 இருக்கை விமானங்களும் கூடிய செலவும்.

யுஎஸ் ஏர்வேஸ் 2002-இல் கொண்டுவந்த ‘ஜெட்ஸ் ஃபார் ஜாப்ஸ்’ ஏற்பாட்டையும் இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். ரீஜனலுக்குப் புது ஜெட் தருவோம், அதில் வரும் இடங்களில் பாதியை ஆட்குறைப்பில் வெளியேறிய எங்கள் பைலட்டுகளுக்குக் கொடுங்கள் என்பது நிபந்தனை. வேலை இழந்தவருக்கு அது உயிர்க்கயிறு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ரீஜனலில் கேப்டன் இருக்கைக்காக வருடக்கணக்கில் வரிசையில் நின்றவர், வெளியிலிருந்து ஒருவர் வந்து இடது இருக்கையில் உட்காருவதைப் பார்த்தார். வந்தவருக்கோ மெயின்லைன் திரும்பக் கூப்பிடும் உரிமையும் கையில் இருந்தது.

தனியாக நின்று காட்டலாமே என்றால், அதையும் ஒரு கம்பெனி செய்து பார்த்தது. அட்லாண்டிக் கோஸ்ட் யுனைடெட்டை விட்டு விலகி 2004-இல் வாஷிங்டன் டல்லஸில் 50 இருக்கை சிஆர்ஜேக்களை வைத்து இண்டிபெண்டன்ஸ் ஏர் என்று மலிவுக் கட்டணத்தில் ஓட்டியது. 2006 ஜனவரியில் நின்றுவிட்டது. ஜெட் இன்ஜின் இரண்டு, பைலட் இரண்டு, தரையிறங்கும் கட்டணம், பராமரிப்பு எல்லாவற்றையும் 50-ஆல் வகுத்தால் ஓர் இருக்கைக்கு விழும் செலவை மலிவு டிக்கெட் தாங்காது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் தொட்டபோது பெரிய கம்பெனிகளுக்கும் அதே பாடம்.

வேலையின் தரமும் பேச வேண்டிய ஒன்று. பிளாக் நேரத்துக்குத்தான் சம்பளம். நாளுக்கு நான்கு, ஐந்து லெக் (ஒரு புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை ஒரு லெக்) போகும் ரீஜனல் பைலட் ஒவ்வொரு லெக்குக்கும் நடுவில் தரையில் செலவிடும் முக்கால் மணியில் அடுத்த பயணத்தின் எரிபொருள், எடைக்கணக்கு, ஐஸ் நீக்கம் எல்லாம் பார்ப்பார், அதற்குத் தனியாகக் காசு இல்லை. 12 மணி நேரப் பணியில் 5, 6 மணிக்குச் சம்பளம் என்பது சாதாரணம். 2014 ஜனவரியில் அமலான களைப்பு விதி இதைக் கொஞ்சம் உணர்ந்தது. காலை 7 மணிக்கு மேல் நண்பகலுக்குள் பணி தொடங்கினால் ஒன்றிரண்டு லெக்குக்கு 14 மணி வரை பணி நேரம், ஏழு லெக் என்றால் 11.5 மணிதான். ஓய்வு குறைந்தது 10 மணி, அதில் 8 மணி தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும்.

கிடைக்கோடு:

மூவருக்கும் நன்றி. பட்டியல் விஷயம் இப்போது தெளிவு. ஒரு தொடர் கேள்வி. துணை பைலட்டும் 1,500 மணி பறந்திருக்க வேண்டும் என்ற விதி வந்து, பிறகு 2022-இல் ரீஜனல் சம்பளம் ஏறிவிட்டதே. இனி ரீஜனல் ஜெட் மலிவு உழைப்பு இல்லை என்றால் ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் என்ன?

நாலாம் லெக்:

ஏறியதற்கான காரணத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் 3407 என்ற ரீஜனல் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அது கியூ400 டர்போபிராப், ஜெட் இல்லை, ஆனால் ஒப்பந்த முறை அதேதான், பெரிய கம்பெனியின் பெயரில் ஓடியது. விசாரணையில் வெளிவந்தவற்றில் நாட்டை உலுக்கியது சம்பளமும் களைப்பும். வலது இருக்கையில் இருந்தவர் சியாட்டில் பக்கத்திலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து நியூவார்க் வந்து பணியில் சேர்ந்தார். 2010-இல் சட்டம் வந்தது, 2013-இல் வலது இருக்கைக்கும் ஏடிபி என்ற உயர்நிலை பைலட் உரிமம், அதாவது 1,500 மணி கட்டாயமாயிற்று. ராணுவத்திலிருந்து வந்தால் 750, அங்கீகரித்த விமானப் பட்டப்படிப்பு என்றால் 1,000, இரண்டாண்டுப் படிப்பு என்றால் 1,250. அந்த விபத்தில் இருவருக்குமே 1,500-க்கு மேல் மணி இருந்தது என்பதை ரீஜனல் நிர்வாகங்கள் இன்றும் எடுத்துச் சொல்லும். உண்மைதான். ஆனால் 250 மணியோடு வருபவரை வருடம் இருபதாயிரத்துச் சொச்சம் டாலருக்கு உட்கார வைக்கும் வழி அந்த விதியால்தான் அடைந்தது. பைலட் சங்கங்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம், இது இன்னொரு காரணம், இரண்டையும் மறைக்கத் தேவையில்லை. 2022-இல் ரிபப்ளிக் என்ற ரீஜனல் தன் பயிற்சித் திட்டத்துக்கு 750 மணி போதும் என்று விலக்கு கேட்டது, அரசின் விமான ஒழுங்கு அமைப்பான எஃப்ஏஏ மறுத்தது.

2020-இல் பெரிய கம்பெனிகள் சீனியர் பைலட்டுகளைப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பின. காம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற ரீஜனல்கள் இரண்டும் அந்த ஏப்ரலிலேயே மூடப்பட்டன. பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியபோது பெரிய கம்பெனிகள் ஆளுக்கு அலைந்து ரீஜனலிலிருந்து உறிஞ்சின. அங்கே முட்டியது கேப்டன் எண்ணிக்கை. அமெரிக்க விதிப்படி, பெரிய விமானச் சேவையில் ஃபர்ஸ்ட் ஆபீசராக 1,000 மணி ஓட்டியிருந்தால்தான் கேப்டனாக முடியும். அந்த ஆயிரத்தை எட்டியவரைப் பெரிய கம்பெனி அப்படியே தூக்கிக்கொண்டது. வலது இருக்கையில் ஆள் இருக்கிறது, இடதுக்கு ஆள் இல்லை, விமானம் தரையில் நிற்கிறது.

2022 ஜூனில் அமெரிக்கனின் ரீஜனல்களான என்வாய், பீட்மாண்ட் இரண்டும் முதல் வருட ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணிக்கு 90 டாலர், கேப்டனுக்கு 146-இலிருந்து என்று உயர்த்தின. அந்தக் கட்டத்தில் அதில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரைதான் என்று தேதி போட்டே கொடுத்தார்கள், பிறகுதான் நிலையாயிற்று. தேதி போட்ட உயர்வு என்ன சொல்கிறது? தட்டுப்பாடு தீர்ந்தால் பேசிக்கொள்ளலாம் என்கிறது.

எடைத்தாள்:

அதே 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் என்ற ரீஜனல், மத்திய அரசின் மானியத்தில் ஓடிய 29 சிற்றூர்ச் சேவைகளை விடுவதாக அறிவித்தது. அடுத்து அந்தக் கம்பெனி 50 இருக்கை சிஆர்ஜே-200-இல் 30 இருக்கை மட்டும் போட்டு, சார்ட்டர் (வாடகை விமான) விதிகளின் கீழ் ஓட்ட விண்ணப்பித்தது. 30 இருக்கைக்குள் அந்த வகையில் வந்துவிட்டால் வலது இருக்கைக்கு 1,500 மணி வேண்டாம், 65 வயது வரம்பும் பொருந்தாது. ஆல்பா கடுமையாக எதிர்த்தது. 50, 76-க்குப் பிறகு இப்போது 30-இலும் ஒரு கோடு.

வால்காற்று:

தொடர் கேள்விக்கு என் பக்கத்துப் பதில்: சம்பளம் சமமானாலும் பட்டியல் இரண்டாக இருக்கும்வரை ஸ்கோப் வேண்டும். ஏலம் விடும் அதிகாரம் அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்கோப்பை இறுக்கி மட்டுமல்ல, விற்று வாங்கியும் வேலை சேர்க்கலாம் என்பதற்கு டெல்டாவின் 2012 ஒப்பந்தம் நல்ல பாடம். பைலட்டுகள் 76 இருக்கை ஜெட்களை 153-இலிருந்து 223-க்கு உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தோல்வி. பதிலுக்கு 50 இருக்கை ஜெட்கள் 125-க்குள் இறங்க வேண்டும், ரீஜனல் ஜெட் மொத்தம் 450-ஐத் தாண்டக்கூடாது, ஒவ்வொரு தொகுதி 76 இருக்கை ஜெட்டும் மெயின்லைனில் சின்ன விமானங்கள் சேர்ந்தால்தான் வரலாம். அப்படித்தான் 88 போயிங் 717 விமானங்கள் டெல்டா பட்டியலுக்குள் வந்தன. மெயின்லைன், ரீஜனல் பிளாக் மணிகளுக்கு இடையே ஒரு விகிதமும் எழுதினார்கள். விமான எண்ணிக்கையை எண்ணுவதைவிட அந்த விகிதம் வலுவானது, ஏனென்றால் அதே விமானத்தை நாளுக்கு இரண்டு மணி கூடுதலாக ஓட்டி வரம்பைத் தாண்டுவதை எண்ணிக்கை பிடிக்காது, மணி பிடிக்கும்.

புது ஒப்பந்த வரைவு கைக்கு வந்தால் சம்பளப் பக்கத்தைத் திறக்கும் முன் ஸ்கோப்பின் வரையறைகளைப் படிக்கச் சொல்வேன். “அனுமதிக்கப்பட்ட விமானம்” என்பதில் இருக்கையும் எடையும் இரண்டுமே இருக்கின்றனவா? எண்ணிக்கை நிலையானதா, மெயின்லைன் சுருங்கினால் அதுவும் சுருங்குமா? வரம்பு கம்பெனிக்கு மட்டுமா, அதன் தாய்க் கம்பெனிக்கும் வாங்கப்படும் கம்பெனிகளுக்கும் சேர்த்தா? ஆட்குறைப்பு நடந்தால் ரீஜனல் ஜெட்டிலிருந்து இருக்கை கழற்றப்படுமா? மீறினால் தீர்வு என்ன, எத்தனை மாதத்தில் சரிசெய்ய வேண்டும்? பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய் ‘கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலை’ என்ற பத்தியைத் தேடுங்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு, ஆட்குறைப்பு கூடாது என்று எழுதியிருந்த கம்பெனிகளே அந்தப் பத்தியைக் காட்டித்தான் பைலட்டுகளை வீட்டுக்கு அனுப்பின. அதில் எரிபொருள் விலையும் பயணிகள் குறைவும் காரணமாகச் சேர்ந்திருந்தால், முன்னால் எழுதிய அத்தனை வரம்பும் நல்ல நாளைக்கு மட்டும்தான் செல்லும்.